ஆறு பேர் கூடினால் எந்தப் புதிரைப் போடுவது?

"சனிக்கிழமை ராத்திரி நாலஞ்சு பேர் வீட்டுக்கு வர்றாங்க. சாப்பிட்டதும் எல்லாரும் போனை எடுத்துடுவாங்க. ஏதாவது நல்ல புதிர் சொல்லேன்."

புதிர்ப் பைத்தியம் என்று பேர் வாங்கிவிட்டதால் எனக்கு இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். முன்பெல்லாம் எனக்குப் பிடித்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அது தப்பு என்று ஒரு ரயில் பயணத்தில்தான் உறைத்தது.

எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு ரயில், நாங்கள் ஆறு பேர். வண்டி கிளம்பியதுமே பன்னிரண்டு நாணயப் புதிரை எடுத்துவிட்டேன். பன்னிரண்டில் ஒன்று போலி. அது கனமா லேசா என்பது தெரியாது. தராசை மூன்றே தடவை பயன்படுத்திப் போலியைக் கண்டுபிடித்து, கனமா லேசா என்றும் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் ஆறு பேரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டில் மூன்று பேர். விழுப்புரத்தில் நானும் இன்னொருவனும் மட்டும் முறுக்குப் பொட்டலத் தாளைப் பிரித்து அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் போர்வையை இழுத்து மூடிவிட்டார்கள். புதிர் அருமையான புதிர்தான். ஆறு பேருக்கான புதிர் இல்லை, அவ்வளவுதான்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

எவ்வளவு கடினம் என்பதை நான் அளவுகோலாகவே வைப்பதில்லை. தனியாக உட்கார்ந்து போடும்போதுதான் அது முக்கியம். கூட்டத்துக்கு நான் பார்ப்பது இவை:

எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது? ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும்.

விடை தெரிந்தவர் ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? கட்டாயம் ஒருவர் இருப்பார். "இது எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சுவரில் சாய்வார். அந்தச் சிரிப்பு போதும், மற்றவர்களுக்கு ஆர்வம் போய்விடும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி.

விடையைக் கேட்டதும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்களா? சில விடைகள் சொன்ன மாத்திரத்தில் பளிச்சென்று விழும். சிலவற்றை விளக்கவே அரை மணி நேரம் ஆகும். சிலவற்றை என்ன விளக்கினாலும் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், புதிர் போடுபவருக்கு எவ்வளவு முன்வேலை என்பது. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

| வகை | எத்தனை பேருக்கு வேலை | நேரம் | விடை தெரிந்தவர் இருந்தால் | கையில் வேண்டியது |
|---|---|---|---|---|
| விடுகதை | எத்தனை பேரானாலும் | அரை நிமிடம் | அது போச்சு, அடுத்தது | ஒன்றும் வேண்டாம் |
| ஆறு, பாலம் | நாலு பேர் நடக்க, மற்றவர் கத்த | 15–20 நிமிடம் | எண்ணை மாற்றி மடக்கலாம் | சாக்பீஸ், டார்ச் |
| தராசு, தேதி | இரண்டு, மிஞ்சினால் மூன்று | முக்கால் மணியிலிருந்து | ஆட்டம் முடிந்தது | தாள், பேனா, பொறுமை |
| ஆம்–இல்லை கதை | நாலிலிருந்து எட்டு | 20–30 நிமிடம் | அவரையே கதை சொல்ல வைக்கலாம் | யோசித்து வைத்த கதைகள் |
| மூன்று தம்ளர் | எல்லோருக்கும் | சண்டை ஓயும் வரை | கவலையில்லை | தம்ளர் 3, நாணயம் 1 |

## விடுகதை

தொல்காப்பியம் 'பிசி' என்று பேர் சொல்லி இடம் கொடுத்த சரக்கு இது. தெற்கே இதையே அழிப்பான்கதை என்பார்கள். "அடிக்காமல் திட்டாமல் கண்ணீர் வரவழைப்பாள், அவள் யார்?" என்று ஆரம்பித்தால் ஏழு வயதுப் பிள்ளை வெங்காயம் என்று கத்தும், பாட்டி பதிலுக்கு ஒன்று எடுத்துவிடுவார். மூன்று தலைமுறை ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறது என்றால் இதை விட்டால் வேறு இல்லை.

ஆனால் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். இருபது விடுகதை பத்து நிமிடத்துக்குக்கூட வராது. இன்னொன்று, இதில் போய்ச் சேர வழி என்று எதுவும் கிடையாது. தட்டினால் தட்டும், இல்லையென்றால் இல்லை. நாலு பேர் சேர்ந்து படிப்படியாக நெருங்குகிற சுகம் இதில் வராது.

நடுவில் ஒரு கணக்கு விடுகதையைச் செருகினால் கொஞ்சம் நீளும். பறந்து போகும் புறாக் கூட்டத்தைப் பார்த்து மரத்தில் இருந்த ஒற்றைப் புறா, "நீங்கள் நூறு பேரா?" என்று கேட்டதாம். "நாங்களும், எங்கள் அளவு இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு" என்று பதில் வந்ததாம். கூட்டத்தில் எத்தனை? பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'எக்ஸ்' போடுவார்கள். கடைக் கணக்கு பார்த்துப் பழகிய பெரியவர்கள், இரண்டே முக்கால் பங்கு 99, அப்படியென்றால் கால் பங்கு 9, முழுப் பங்கு 36 என்று வாயாலேயே முடித்துவிடுவார்கள். இந்தப் போட்டியைப் பார்ப்பதற்காகவே நான் இதை எடுத்துப் போடுவது உண்டு.

## ஆற்றைக் கடப்பது, பாலத்தைக் கடப்பது

புலி, ஆடு, புல்லுக்கட்டு. ஒரு படகு, ஆளோடு ஒன்றுதான் ஏற்றலாம். நமக்குப் புலி, ஐரோப்பாவில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ். எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அல்குயின் தொகுத்ததாகக் கருதப்படும் ஒரு லத்தீன் புதிர்க் கொத்திலேயே இது இருக்கிறது. ஏழு தடவை படகு போக வேண்டும். இதில் முடிச்சு ஒன்றே ஒன்றுதான்: அக்கரைக்குக் கொண்டுபோன ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். செய்த வேலையைக் கலைப்பதற்கு மனசு வராது, அங்கேதான் எல்லோரும் மாட்டுவார்கள்.

சிக்கல் என்னவென்றால் இது தெரியாதவரே கிடையாது. அதனால் நான் எடுப்பது பாலம். நாலு பேர், இருட்டு, ஒரே டார்ச். பாலம் ஒரு நேரத்தில் இரண்டு பேரைத்தான் தாங்கும். டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. ஒருவருக்கு 1 நிமிடம், அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 5, நாலாமவருக்கு 10. சேர்ந்து போனால் மெதுவானவர் வேகம்தான். நாலு பேரும் அக்கரை சேர எத்தனை நிமிடம்?

ஒரு மாலையில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு இதை நடத்தினேன். நாலு பேர் நின்றார்கள், செல்போன் டார்ச் எரிந்தது. ஒரு நிமிட ஆளே ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பினான்: 2, 1, 5, 1, 10. மொத்தம் 19. "இதுக்கு மேல குறைக்க முடியாது, வேகமானவன்தானே டார்ச்சைத் திருப்பிக் கொண்டு வரான்" என்று வாதாடினார்கள். 17-இல் முடியும் என்று சொன்னதும் ஒரே கூச்சல். காய்ந்த துணியை எடுக்க வந்த நண்பனின் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அந்த ரெண்டு பேரும் எப்படியும் மெதுவாத்தானே வருவாங்க? அவங்களைச் சேர்த்தே அனுப்பிட வேண்டியதுதானே?" என்றார். அவ்வளவுதான். முதலில் 1-ம் 2-ம் போக (2), 1 திரும்பி வர (1), 5-ம் 10-ம் சேர்ந்து போக (10), அக்கரையில் காத்திருக்கும் 2 டார்ச்சைக் கொண்டுவர (2), கடைசியாக 1-ம் 2-ம் (2). பதினேழு. அம்மா துணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். விடையைச் சரிபார்க்கத் தாள்கூட வேண்டியிருக்கவில்லை, நடந்து பார்த்தால் போதும்.

சரி, ஏற்கெனவே தெரிந்தவர் இருந்தால்? அவருக்கென்றே ஒரு வலை வைத்திருக்கிறேன். எண்களை 1, 3, 4, 5 என்று மாற்றிக் கேளுங்கள். தெரிந்தவர் உடனே மெதுவான இருவரையும் சேர்த்து அனுப்பி 15 என்பார், அதே சிரிப்போடு. ஆனால் இந்த எண்களுக்குப் பழைய வழிதான் லாபம்: 3, 1, 4, 1, 5. பதினாலு நிமிடம். ஏன் இங்கே மட்டும் மாறுகிறது என்று தேடினால் இரண்டாவது ஆளின் நேரத்தில் போய் நிற்கும். சேர்த்து அனுப்பும் வழியில் அவர் ஒரு தடவை கூடுதலாகத் திரும்பி வந்து மறுபடி போக வேண்டியிருக்கிறது. அவருடைய நேரத்தை இரட்டித்தால் வருவது, முதலாமவரும் மூன்றாமவரும் எடுக்கும் நேரத்தின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால்தான் அந்த வழி கட்டுப்படியாகும். முதல் கணக்கில் 4-க்கு எதிராக 6; இரண்டாவதில் 6-க்கு எதிராக 5. விடையை மனப்பாடம் செய்தவரும் புதியவரும் இங்கே ஒரே கோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

இதற்கு ஆகும் செலவு இடம்தான். ரயிலிலும் ஹோட்டல் மேஜையிலும் நடந்து காட்ட முடியாது. நாணயங்களை நகர்த்தலாம், ஆனால் பாதி களை போய்விடும். எழுந்து நிற்கவே கூச்சப்படும் கூட்டத்துக்கும் சரிப்படாது.

## தராசு, பிறந்த தேதி: தாளும் பேனாவும் கேட்பவை

விழுப்புரம் வரை என்னைத் தூங்கவிடாத நாணயப் புதிருக்கு வருவோம். எடுத்த எடுப்பில் எல்லோரும் தட்டுக்கு ஆறாக வைப்பார்கள். அங்கேயே ஆட்டம் தோற்றுவிட்டது. பன்னிரண்டில் எது போலி, கனமா லேசா என்று பார்த்தால் 24 சாத்தியங்கள். ஒரு தடவை நிறுத்தால் மூன்று முடிவுதான் வரும்: இடது தாழும், வலது தாழும், சமமாக நிற்கும். மீதி இரண்டு நிறுவையில் 3 × 3, ஒன்பது சாத்தியங்களை மட்டுமே பிரிக்கலாம். ஆறுக்கு ஆறு வைத்தால் தட்டு கட்டாயம் சாயும், மிச்சம் 12 சாத்தியம். ஐந்துக்கு ஐந்து சாய்ந்தால் 10. மூன்றுக்கு மூன்று சமமாக நின்றால் வெளியே ஆறு நாணயம், மறுபடி 12. நாலுக்கு நாலு வைத்தால் மட்டும் சாய்ந்தாலும் சமமாக நின்றாலும் 8. எதையும் நிறுக்காமலேயே முதல் நிறுவை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது பாருங்கள், எனக்கு இந்த இடம் ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும்.

ஆனால் புல்லரித்தது எனக்கும் எதிர் பெர்த்தில் இருந்தவனுக்கும்தான். இந்த வகையின் மறைமுகச் செலவு அது. பேனா யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் புதிர். விடை வந்த பிறகும், ஒவ்வொரு கிளையாகச் சரிபார்க்க அதே அளவு நேரம் ஆகும். பாதி கேட்டவர், "சரி சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துவிடுவார். இரண்டு பேர், மழை நாள், தீராத காபி என்றால் இதற்கு இணை வேறு இல்லை. ஆறு பேர் என்றால் வேண்டாம்.

இதே வகையில் கூட்டத்துக்குத் தாங்குகிற ஒன்று உண்டு: 2015 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கச் சுற்றிய ஷெரிலின் பிறந்தநாள். அங்கே மாணவர்களுக்கான ஒரு கணித ஒலிம்பியாடில் கேட்ட கேள்வி. தேதிகள் பத்து: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஷெரில் தன் பிறந்த மாதத்தை மட்டும் ஆல்பர்ட்டிடமும், நாளை மட்டும் பெர்னார்டிடமும் சொல்கிறாள். ஆல்பர்ட்: "எனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாது என்பது தெரியும்." பெர்னார்ட்: "முதலில் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது." ஆல்பர்ட்: "அப்படியென்றால் எனக்கும் தெரிந்துவிட்டது."

இதை வாசித்துக் காட்டினால் எடுபடாது. இரண்டு பேரிடம் துண்டுச்சீட்டு கொடுத்து, ஒருவர் மாதத்தையும் மற்றவர் நாளையும் ஒளித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வசனத்தை அவர்களே பேசட்டும். பத்துத் தேதியையும் பெரிய தாளில் எழுதி நடுவில் வைத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் மற்றவர்கள் அடித்துக்கொண்டே வரட்டும். 18-ம் 19-ம் ஒரே ஒரு தடவைதான் வருகின்றன. ஆகவே முதல் வசனத்திலேயே மே, ஜூன் இரண்டும் போய்விடும். இரண்டாவது வசனத்தில் 14 போகும். மூன்றாவதில் ஜூலை 16 மட்டும் நிற்கும். சீட்டு வைத்திருப்பவர்களுக்கே மூன்றாவது வசனம் ஏன் என்று அப்போதுதான் புரியும்.

## ஆம், இல்லை, சம்பந்தமில்லை

ஒருவர் விசித்திரமான சம்பவம் ஒன்றைச் சொல்வார். மற்றவர்கள் ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்டு நடந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்வர்ட் டி போனோ 1967-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'பக்கவாட்டுச் சிந்தனை' என்ற பேச்சோடு சேர்த்து இவற்றைச் சொல்வது வழக்கம். பழைய உதாரணம்: பத்தாவது மாடியில் குடியிருப்பவர் காலையில் லிஃப்டில் கீழே வருவார். மாலையில் ஏழாவது மாடி வரைக்கும் லிஃப்ட், மீதி படியேறுவார். மழை பெய்தால் மட்டும் பத்து வரை லிஃப்டிலேயே போவார். ஏன்?

வேலைப் பங்கீட்டில் இதை எதுவும் மிஞ்சாது. கணக்கென்றால் ஓடிவிடும் ஆள்கூட இதில் பொளந்துகட்டுவார். ஒரு தடவை அரை மணி நேரம் எல்லோரும் உடற்பயிற்சி, கடன்காரன், ஏழாம் மாடிக் காதலி என்று அலைந்துகொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒருத்தி கேட்டாள்: "மழை அன்னைக்கு அவர் கையில ஏதாவது இருக்குமா?" குடை. அவர் குள்ளமானவர், ஏழாவது பொத்தானுக்கு மேல் கை எட்டாது. குடை இருந்தால் எட்டும். அந்தக் கேள்வியில் எல்லாமே கழன்று விழுந்தது.

செலவுகள் இரண்டு. கதை சொல்பவர் விளையாட முடியாது, ஒவ்வொரு கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குழப்பமான ஒரு 'ஆம்' போதும், கூட்டமே இருபது நிமிடம் தப்பான சந்தில் போய்விடும். இரண்டாவது செலவைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வகைக் கதைகளில் முக்கால்வாசி "ஒருவர் இறந்து கிடக்கிறார்" என்றுதான் தொடங்கும். அப்படி ஒன்றை எடுத்துவிட்டு, கூட்டத்தில் ஒருவர் வீட்டில் அந்த வருஷம் துக்கம் நடந்திருந்தது எனக்குப் பாதியில்தான் நினைவுக்கு வந்தது. நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. அதிலிருந்து சாவு இல்லாத கதைகளாக ஏழெட்டு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

## மூன்று தம்ளரும் ஒரு சண்டையும்

மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், கார் எங்கே என்று தெரிந்த நடத்துநர் மற்ற இரண்டில் ஒரு வெற்றுக் கதவைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்பார். மாற்றலாமா? ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் 1975-இல் எழுதிய கணக்கு இது. 1990-இல் மேரிலின் வாஸ் சாவன்ட் ஓர் அமெரிக்க வாரப் பத்திரிகையில் "மாற்றுங்கள், வாய்ப்பு மூன்றில் இரண்டு" என்று பதில் எழுத, தப்பு என்று சுமார் பத்தாயிரம் கடிதம் குவிந்தது. அதில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எழுதியதே ஆயிரத்தை ஒட்டி இருந்தது. கணித மேதை பால் எர்டோஷே கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் அடங்கினார் என்பார்கள்.

விளக்க ஆரம்பித்தால் மாட்டினீர்கள். சமையலறையிலிருந்து மூன்று எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்து, ஒரு ரூபாய் நாணயத்தை ஒளித்து, முப்பது தடவை விளையாடுங்கள். ஒருவர் எப்போதும் மாற்றுபவர், இன்னொருவர் மாற்றாதவர், மூன்றாமவர் கோடு போட்டு எண்ணுபவர். மாற்றுபவருக்கு இருபதை ஒட்டி வரும். பத்தாவது ஆட்டத்திலேயே முகங்கள் மாற ஆரம்பிக்கும். முதலில் தொட்ட தம்ளர் தப்பாக இருந்தால், மாற்றினவர் ஜெயிப்பார். முதல் தொடுதல் தப்பாவது மூன்றில் இரண்டு தடவை. விடை தெரிந்தவருக்கும் இங்கே வேலை உண்டு, நாணயத்தை ஒளிப்பவர் அவர்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். நடத்துநருக்கு நாணயம் எங்கே என்று தெரியும், எப்போதும் வெற்றுத் தம்ளரைத்தான் தூக்குவார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, அது தற்செயலாக வெறுமையாக இருந்தால், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பாதிக்குப் பாதிதான். இதைச் சொல்லாமல் விட்டால் எதிர்க் கட்சிக்காரர் சொல்வதும் சரியாகிவிடும், சண்டை விடியும் வரை ஓடும். ஏற்கெனவே உரசல் இருக்கிற இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தால் தம்ளரைக் கழுவி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

## வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன?

ஊர் ஊராகப் பிரிந்து கிடப்பவர்களுக்கு வேறு வழியில்லை, சரி. ஆனால் பிரபலமான புதிர் எதைப் போட்டாலும் இரண்டு நிமிடத்தில் யாரோ தேடி எடுத்து ஒட்டிவிடுவார். ஆம்–இல்லை வகை மட்டும், அதுவும் நீங்களே கட்டிய கதை என்றால், குழுவில் நாள் முழுக்க ஓடும். "90 சதவீதம் பேருக்குத் தெரியாது" என்று வரும் பழப் படக் கணக்கு இருக்கிறதே, வாழைச் சீப்பில் நாலு பழமா மூணு பழமா என்று பார்க்கிற ரகம், அதைப் புதிர் என்றே நான் சேர்ப்பதில்லை.

## இப்போது நான் எடுத்துப்போவது

பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்திருந்தால் விடுகதையில் ஆரம்பித்து, புறாக் கணக்கு, அப்புறம் மாடியோ முற்றமோ இருந்தால் பாலம். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களோடு என்றால் ஆம்–இல்லை கதை. ஒருவரை ஒருவர் தெரியாதபோது கேள்வி கேட்பது பதில் சொல்வதைவிடச் சுலபம். நெருங்கிய நண்பர்கள் மட்டும் என்றால் தம்ளர். பையில் சாக்பீஸ் ஒன்று, 1, 3, 4, 5 என்று எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் உண்டு.

நாணயப் புதிரைக் கூட்டத்தில் எடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் அன்று விழுப்புரம் வரை என்னோடு விழித்திருந்தவன் போன வாரம் ஒரு செய்தி அனுப்பினான். நாணயம் பதின்மூன்று, நிறுவை அதே மூன்று; போலி எது என்று மட்டும் சொன்னால் போதும், கனமா லேசா என்று சொல்ல வேண்டாம். முடியும் என்கிறான். நாலு நாளாக மேஜையில் பதின்மூன்று ஒரு ரூபாய் நாணயங்கள் பரப்பி இருக்கின்றன.